கேமில் நீங்கள் தோற்றால் தவறு யாருடையது? அட்வென்ச்சர் கேம்களின் விதிகள் எப்படி எழுதப்படுகின்றன?

பனிமலை ஒன்றில் ஒரு ராஜா நடந்து போகிறார். கடும் பசி. மூட்டையில் சாப்பிட இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று, சுட்ட ஆட்டுக்கால். இன்னொன்று, கஸ்டர்ட் நிரப்பிய பேஸ்ட்ரி. எதைச் சாப்பிடுவது?

விளையாடுபவர் பேஸ்ட்ரியைத் தேர்ந்தெடுக்கிறார். கேம் தடுக்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை. ஆனால் மலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் 'யெட்டி' என்ற பனி அரக்கன் வழிமறிப்பான். அவன் முகத்தில் வீசுவதற்காகத்தான் அந்த பேஸ்ட்ரி. அது வயிற்றுக்குள் போய்விட்டதா? அவ்வளவுதான், கதை முடிந்தது. பழைய சேவ் இல்லை என்றால் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் சியரா நிறுவனம் 1990ல் வெளியிட்ட 'கிங்ஸ் குவெஸ்ட் 5' கேமில் உண்மையிலேயே இருக்கும் கட்டம் இது.

இப்போது கேள்வி: இங்கே தவறு யாருடையது? பேஸ்ட்ரியைச் சாப்பிட்டவருடையதா? இல்லை, பசிக்கிறவர் கையில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, 'அதை ஏன் சாப்பிட்டாய்?' என்று தண்டித்த டிசைனருடையதா?

அட்வென்ச்சர் கேம்களின் விதிகள் எப்படி உருவாகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். கிராஃபிக்ஸ், இசை, கதை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மெக்கானிக்ஸ் வேறு, விதி வேறு

கேம் டிசைன் பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் சொல் 'மெக்கானிக்ஸ்'. பெரிய விஷயம் போலத் தெரியும். உண்மையில் ரொம்ப எளிது.

நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம். புலி நகரலாம், ஆட்டைத் தாண்டி வெட்டவும் செய்யலாம். நகர்வது, தாண்டுவது, வெட்டுவது: இவைதான் மெக்கானிக்ஸ். இலக்கணத்தில் சொன்னால் வினைச்சொற்கள். விளையாடுபவரால் என்னென்ன செய்ய முடியும் என்பதன் பட்டியல்.

ஆட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள புள்ளி காலியாக இருந்தால்தான் புலி தாண்டலாம். புலிகள் எதுவும் நகர முடியாதபடி அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. இவை விதிகள். எந்தச் செயலை எப்போது செய்யலாம், என்ன விலை கொடுக்க வேண்டும், எது வெற்றி, எது தோல்வி என்பதை விதிகள் சொல்கின்றன.

இதே கட்டமைப்புதான் கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கப்படும் வீடியோ கேமிலும் இருக்கிறது. ஆனா ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

ஆடுபுலியில் தரையில் கோடு போட்டாச்சு. இரண்டு பேருக்கும் எல்லாமே கண் முன்னால் இருக்கிறது. விதிகளைப் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்கிறார்கள். அட்வென்ச்சர் கேமில் அப்படி இல்லை. வரைபடமும் மறைந்திருக்கும், விதிகளும் மறைந்திருக்கும். விளையாடிப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். சாகசம் என்பதே அதுதான்.

அதனால்தான் இங்கே டிசைனருக்குப் பொறுப்பு அதிகம். மறைத்து வைக்கலாம், ஏமாற்றக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எங்கே என்பதுதான் இந்தத் துறையின் நீண்ட நாள் விவாதம்.

குகையில் பிறந்த கேம்

'அட்வென்ச்சர்' என்பது முதலில் ஒரு கேம் வகையின் பெயர் அல்ல, ஒரே ஒரு கேமின் பெயர். 1970களின் நடுவில் வில் க்ரௌதர் என்ற அமெரிக்க புரோகிராமர் அதை எழுதினார். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் பணியில் இருந்தவர், குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் தயாரிக்கும் ஆர்வமும் கொண்டவர். கென்டக்கி மாகாணத்தின் மம்மூத் குகைத் தொகுதியை அடிப்படையாக வைத்து, தன் மகள்கள் விளையாடுவதற்காக இந்த கேமை உருவாக்கினார். 1977ல் டான் உட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார்.

படம் கிடையாது. எல்லாம் எழுத்துதான். 'நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்' என்று கணினி சொல்லும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று ஒன்றிரண்டு சொற்களில் நீங்கள் டைப் செய்ய வேண்டும்.

அதில் ஒரு முக்கியமான விதி உண்டு. குகைக்குள் விளக்கு இல்லாமல் நடக்க முடியாது, அந்த விளக்கின் பேட்டரியோ ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். இந்த ஒரு விதி ஆட்டத்தின் தன்மையையே மாற்றிவிட்டது. சும்மா சுற்றுவதற்குக்கூட ஒரு விலை வந்துவிட்டது. ஒவ்வொரு அடியும் கணக்கு.

குறைந்தபட்சம் இந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. விளக்கு அணையும் என்பது யாரும் யூகிக்கக்கூடிய விஷயம். அது மங்கும்போது கேமும் எச்சரிக்கும்.

ஆனால் டைப் செய்யும் முறையில் வேறொரு தொல்லை இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும், எந்தச் சொல்லில் சொல்ல வேண்டும் என்று தெரியாது. கதவைத் 'திற' என்றால் புரியாத கணினிக்கு 'தள்ளு' என்றால் புரியலாம். விளையாடுபவர் போராடுவது குகையோடு அல்ல, கணினியின் அகராதியோடு.

சாவது வேறு, சிக்கிக்கொள்வது வேறு

1980ல் ராபர்ட்டா வில்லியம்ஸும் அவருடைய கணவர் கென் வில்லியம்ஸும் 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற கேமை வெளியிட்டார்கள். எழுத்தோடு படமும் வந்தது. அவர்களின் நிறுவனம்தான் பிறகு சியரா ஆனது. 1984ல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' மூலம் ராபர்ட்டா இந்தத் துறையின் மிகப்பெரிய பெயர்களில் ஒருவரானார்.

சியரா கேம்களில் சாவு சர்வ சாதாரணம். பாலத்தில் ஒரு அடி தள்ளி வைத்தால் சாவு. தப்பான கதவைத் திறந்தால் சாவு. ரசிகர்களுக்கு அது பிடித்தும் இருந்தது. ஆபத்தே இல்லை என்றால் அது என்ன சாகசம் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயமும் உண்டு. செத்த விதத்தைக் கேமே கிண்டலடிக்கும், சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

உண்மையான சிக்கல் சாவு அல்ல. சாகாமலே தோற்பது.

மேலே பார்த்த அதே கிங்ஸ் குவெஸ்ட் 5ல், ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும் காட்சி வரும். கையில் இருக்கும் பழைய பூட்ஸைப் பூனை மீது எறிந்தால் எலி தப்பிக்கும். எறியாவிட்டால் எதுவும் ஆகாது, ஆட்டம் தொடரும். பிறகு ஒரு கட்டத்தில் ராஜாவைக் கட்டிப்போட்டு நிலவறையில் அடைத்துவிடுவார்கள். அப்போது கயிற்றைக் கடித்து விடுவிக்க வருவது அந்த எலிதான். காப்பாற்றியிருந்தால் வரும். இல்லை என்றால் வராது.

அதாவது, நீங்கள் எப்போதோ தோற்றுவிட்டீர்கள். அது தெரியாமல் இவ்வளவு நேரம் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். இடையில் எத்தனை முறை சேவ் செய்திருந்தாலும் அந்த சேவ்கள் எல்லாமே வீண்.

சாவு என்பது கேம் சொல்லும் பதில்: 'இது தப்பு, வேற வழி பாரு.' முட்டுச்சந்து என்பது பதிலே சொல்லாமல் இருப்பது. முதலாவதில் விளையாடுபவர் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார். இரண்டாவதில் நேரத்தை மட்டும் இழக்கிறார்.

'இப்படிச் செய்யாதீர்கள்' என்று ஒருவர் எழுதினார்

அதே காலத்தில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் ரான் கில்பர்ட் என்ற டிசைனர் வேலை செய்துகொண்டிருந்தார். 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தைச் சேர்ந்த கேம் பிரிவு அது.

1987ல் அவரும் கேரி வினிக்கும் உருவாக்கிய 'மேனியாக் மேன்ஷன்' டைப் செய்யும் தொல்லையை ஒழித்தது. செய்யக்கூடிய வினைச்சொற்கள் அனைத்தும் திரையின் கீழே பட்டியலாக இருக்கும். அதைக் கிளிக் செய்து, பொருளைக் கிளிக் செய்தால் போதும். மெக்கானிக்ஸ் முழுவதும் கண் முன்னால் வந்துவிட்டது.

1989ல் கில்பர்ட் ஒரு கட்டுரை எழுதினார். அட்வென்ச்சர் கேம்கள் ஏன் எரிச்சலூட்டுகின்றன என்பதுதான் தலைப்பின் சாரம். கேம் டிசைன் படிப்பவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். அதில் அவர் முன்வைத்த யோசனைகளில் முக்கியமான சில:

• கவனமாக விளையாடும் ஒருவர், ஒருமுறைகூடச் சாகாமல் கேமை முடிக்க வழி இருக்க வேண்டும். செத்துப் பார்த்தால்தான் விடை தெரியும் என்ற நிலை கூடாது.

• முதலில் பூட்டு கண்ணில் பட வேண்டும், அப்புறம் சாவி. எதற்கு என்றே தெரியாமல் கிடைத்த பொருளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அலைவது புதிர் அல்ல.

• முன்பு எடுக்க மறந்த ஒரு பொருளுக்காக, திரும்பிப் போக முடியாத இடத்தில் ஆளை மாட்டவைக்கக் கூடாது.

• விளையாடுபவர் என்ன செய்ய நினைக்கிறார் என்பதைக் கேம் புரிந்துகொள்ள வேண்டும். விடை தெரிந்த பிறகும் அவரை அலைக்கழிக்கக் கூடாது.

• ஒரு புதிரை அவிழ்த்தால் கதை ஒரு படி நகர வேண்டும்.

சொல்வதோடு நிற்கவில்லை. 1990ல் டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மேன் ஆகியோருடன் சேர்ந்து 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' கேமை உருவாக்கினார். பேஸ்ட்ரி விவகாரம் வந்த அதே ஆண்டு!

தோற்றால்தான் ஜெயிக்க முடியும்: ஒரு வாள் சண்டை

மங்கி ஐலண்டின் ஹீரோ கைபிரஷ், கடற்கொள்ளையனாக ஆசைப்படும் ஒரு அப்பாவி. அவன் வாள் சண்டையில் ஜெயிக்க வேண்டும். ஆனால் இங்கே பட்டனை வேகமாக அழுத்தும் வேலையே கிடையாது. சண்டை நடப்பது வாயால்.

எதிரி ஒரு நக்கல் விடுவான். அதற்குச் சரியான பதிலடி கொடுத்தால் உங்கள் கை ஓங்கும். பதில் தெரியாவிட்டால் பின்வாங்க வேண்டும். ஆரம்பத்தில் உங்களிடம் எந்த நல்ல பதிலும் இருக்காது. தோற்பீர்கள். ஆனால் எதிரி சொன்ன நக்கல் உங்கள் பட்டியலில் சேர்ந்துவிடும். அதையே அடுத்த ஆளிடம் சொன்னால், அவன் சொல்லும் பதிலும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

கடைசியில் ஊரின் வாள் வல்லுநரான கார்லாவோடு மோத வேண்டும். அவர் இதுவரை கேட்காத புது நக்கல்களை விடுவார். பயந்துபோகத் தேவையில்லை. ஏற்கெனவே கற்ற பதில்களே அவற்றுக்கும் பொருந்தும். எது எதற்குப் பொருந்தும் என்று யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். மனப்பாடம் செய்தவருக்கும் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சோதிக்கும் பரீட்சை அது.

ஒவ்வொரு தோல்வியும் கைக்கு ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு விதி விளையாடுபவருக்கு நியாயமாக இருப்பது என்றால் இதுதான்.

அந்தக் கேமில் சாவை வைத்து ஒரு கிண்டலும் உண்டு. ஒரு இடத்தில் பாறை உடைந்து கைபிரஷ் விழுந்துவிடுவான். சியரா பாணியில் 'செத்துவிட்டீர்கள்' என்று ஒரு பெட்டி திரையில் வரும். அடுத்த நொடியே அவன் துள்ளி மேலே வந்து, கீழே ரப்பர் மரம் இருந்ததாகச் சொல்வான்!

பூனை முடியில் மீசை: எங்கே தப்பாகப் போனது?

விதிகளை எழுதி வைத்ததால் எல்லோரும் பின்பற்றிவிட்டார்களா என்றால், இல்லை.

1999ல் வந்த 'கேப்ரியல் நைட் 3' கேமில் ஹீரோவுக்கு ஒரு மோட்டார் பைக் வாடகைக்கு வேண்டும். அதற்காகத் தன் நண்பரைப் போல வேஷம் போட வேண்டும். சரி, அதுவரை ஓகே. வேஷத்துக்கு மீசை வேண்டும். ஒரு ஓட்டையில் டேப் ஒட்டி வைத்து, பூனையை அதன் வழியாக ஓடவிட்டு, டேப்பில் ஒட்டிய பூனை முடியை எடுத்து, இனிப்புப் பாகு வைத்து உதட்டுக்கு மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த நண்பருக்கு மீசையே கிடையாது! அதனால் அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும்.

இதை யாராவது தானாக யோசித்துக் கண்டுபிடிப்பார்களா? எதை வேண்டுமானாலும் எதோடு வேண்டுமானாலும் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். அந்த நிமிடத்தில் விளையாடுபவர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்.

நல்ல டிசைனர்களுக்கும் சறுக்கல் உண்டு. 1991ல் வந்த 'மங்கி ஐலண்ட் 2' கேமில் ஒரு குழாயைத் திருக வேண்டும். அதற்கு ஒரு குரங்கை ஸ்பேனராகப் பயன்படுத்த வேண்டும்! காரணம், அமெரிக்க ஆங்கிலத்தில் ஒரு வகை ஸ்பேனருக்கு 'மங்கி ரென்ச்' என்று பெயர். அந்தச் சொல் தெரிந்தவருக்கு அது ஜோக். தெரியாதவருக்கு அது சுவர். வேறு நாட்டில், வேறு மொழியில் விளையாடியவர்கள் எவ்வளவு மூளையைக் கசக்கினாலும் விடை வராது. விடை அவர்களுடைய உலகத்திலேயே இல்லை.

கேம் முடிந்த பிறகு விடையைப் பார்த்தால் விளையாடுபவர் 'அட, இது தோணலையே!' என்று சொல்ல வேண்டும். 'இது எப்படிப்பா தோணும்?' என்று சொன்னால் புதிர் தோற்றுவிட்டது.

மூன்றே மூன்று விதிகள்: செல்டா செய்த மாற்றம்

இதற்கு முற்றிலும் வேறொரு தீர்வு ஜப்பானிலிருந்து வந்தது. 2017 மார்ச்சில் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்'.

பழைய அட்வென்ச்சர் கேம்களில் ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. டிசைனர் மனதில் நினைத்த விடையை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். செல்டா குழு இதைத் தலைகீழாக மாற்றியது. விடைகளை எழுதாமல், உலகம் எப்படி இயங்கும் என்ற விதிகளை மட்டும் எழுதினார்கள்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியும் சக கலைஞர்களும் இதை விளக்கினார்கள். பொருட்கள் எப்படி விழும், உருளும் என்பதை இயற்பியல் பகுதி பார்த்துக்கொள்ளும். அதோடு 'வேதியியல் இன்ஜின்' என்று ஒன்றையும் வைத்தார்கள். அதன் விதிகள் மூன்று:

• நெருப்பு, நீர், பனி, மின்சாரம், காற்று போன்ற மூலகங்கள், பொருட்களின் நிலையை மாற்றும். உதாரணம்: நெருப்பு பட்டால் மரம் எரியும்.

• ஒரு மூலகம் இன்னொரு மூலகத்தின் நிலையை மாற்றும். உதாரணம்: நீர் பட்டால் நெருப்பு அணையும்.

• ஒரு பொருள் இன்னொரு பொருளின் நிலையை மாற்றாது. கல்லும் கல்லும் மோதினால் நகரும், அவ்வளவே.

மூன்றே விதிகள்தான். ஆனால் விளைவுகளைப் பாருங்கள். நெருப்பு பக்கத்தில் ஆப்பிளை வைத்தால் சுட்ட ஆப்பிள் ஆகும். புல்லைக் கொளுத்தினால் சூடான காற்று மேலே எழும், அதில் பாராகிளைடரை விரித்து உயரே போகலாம். இடியுடன் மழை பெய்யும்போது இரும்பு வாள் வைத்திருந்தால் உங்கள் மீது மின்னல் இறங்கும். அதே இரும்பு வாளை எதிரிகள் நடுவே போட்டுவிட்டால்? மின்னல் அவர்கள் மீது இறங்கும்!

இதை ஒவ்வொன்றாக யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இரும்பில் மின்சாரம் பாயும், மரம் எரியும் என்பது கேம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். பூனை முடி மீசைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

குளிருக்கு எத்தனை மருந்து?

இந்த கேமின் தொடக்கத்தில் 'கிரேட் பிளேட்டோ' என்ற பீடபூமி வரும். சுற்றிலும் செங்குத்துச் சரிவு. பாராகிளைடர் கிடைக்கும் வரை வெளியே போக முடியாது. விளையாடுபவருக்குத் தெரியாமலே இது ஒரு வகுப்பறை.

அங்கே ஒரு பனிமலை உண்டு. அப்படியே ஏறினால் குளிரில் உயிர் குறைந்துகொண்டே போகும். திரையில் தெளிவாகத் தெரியும், ஆள் நடுங்குவதும் தெரியும். என்ன செய்யலாம்? காரமான மிளகாயைச் சமைத்துச் சாப்பிடலாம். எரியும் தீப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறலாம். கதகதப்பான சட்டை ஒன்றைப் பெறவும் வழி இருக்கிறது.

இதையும் கிங்ஸ் குவெஸ்ட் பனிமலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பனி, இரண்டிலும் சாப்பாடு. ஒன்றில் ஒரே விடை, அதுவும் மறைவாக. இன்னொன்றில் பல விடைகள், ஒரு வழி தவறினால் இன்னொன்று.

இதை உருவாக்கிய விதமும் கவனிக்கத்தக்கது. பிரமாண்டமான 3டி உலகத்தைக் கட்டும் முன், 1986ல் வந்த முதல் செல்டா கேம் போலவே எளிமையான 2டி மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். மரத்தைக் கொளுத்தினால் என்ன, வெட்டி ஆற்றில் விட்டால் என்ன என்று அந்தச் சின்ன மாதிரியிலேயே சோதித்தார்கள். விதி சுவாரசியமாக இருக்கிறதா என்று பார்க்க அழகான கிராஃபிக்ஸ் தேவையில்லை.

வாள் ஏன் உடைகிறது?

அதே கேமில் பலரைக் கோபப்படுத்திய விதியும் ஒன்று இருக்கிறது. ஆயுதங்கள் உடைந்துவிடும். கஷ்டப்பட்டு ஒரு நல்ல வாளைப் பிடித்தால், சில சண்டைகளிலேயே அது தூள் தூள்.

'இது அநியாயம்' என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். ஆனால் இந்த விதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நல்ல வாள் கிடைத்ததும் மற்ற எல்லா ஆயுதங்களும் குப்பை. எல்லாச் சண்டையும் ஒரே மாதிரி. புதிய இடத்துக்குப் போய்த் தேட வேண்டிய அவசியமே இல்லை. வாள் உடைவதால்தான் பாறையை உருட்டலாமா, காட்டைக் கொளுத்தலாமா என்று மூளை வேலை செய்கிறது.

2023ல் வந்த அடுத்த பாகமான 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேமிலும் ஆயுதம் உடையும் விதியை நின்டெண்டோ விடவில்லை. ஆனால் கையில் கிடைத்த கல், கொம்பு என எதை வேண்டுமானாலும் ஆயுதத்தோடு ஒட்டிப் புதிய ஆயுதம் செய்யும் வசதியைச் சேர்த்தது. இழப்புக்கு ஈடாக ஒரு வினைச்சொல்!

கடுமையான விதி வேறு, அநியாயமான விதி வேறு. வாள் உடையும் என்று கேம் முன்கூட்டியே எச்சரிக்கிறது, வேறு வழிகளையும் தருகிறது. பேஸ்ட்ரி விதி இரண்டையுமே செய்யவில்லை.

உங்களுக்குத் தெரியாமலே உதவும் விதி

சில விதிகள் விளையாடுபவர் பக்கம் ரகசியமாகச் சாயும். 2018ல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேற்ற கேமில், பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் ஒரு கண நேரத்துக்குள் பட்டனை அழுத்தினால் குதிக்க முடியும். கார்ட்டூனில் பள்ளத்தாக்குக்கு மேல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும் கொயோட்டியை நினைவிருக்கிறதா? அதனால் இதற்கு 'கொயோட்டி டைம்' என்று பெயர்.

கணக்குப்படி நீங்கள் விழுந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் மனதில் சரியான நேரத்தில்தான் அழுத்தினீர்கள். கேம் கணக்கைப் பார்க்காமல் உங்கள் எண்ணத்தைப் பார்க்கிறது. கில்பர்ட் 1989ல் கேட்டதும் இதைத்தானே?

இட்லித் தட்டில் ஒரு புதிர்

சண்டை, சாவு எதுவுமே இல்லாமலும் இதைச் செய்யலாம் என்று காட்டியது ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கனடாவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை. 2024ல் பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது பெற்றது.

அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட படிகளை விளையாடுபவர் யூகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும்? நம் வீட்டுச் சமையலறையில் நின்றவருக்கு உடனே தெரியும். தெரியாதவரும் குறிப்பேட்டைப் பார்த்து யோசித்தால் பிடித்துவிடலாம். தப்பாகச் செய்தால் தண்டனை இல்லை, இன்னொரு முறை செய்து பார்க்கலாம்.

மங்கி ரென்ச் புதிரும் ஒரு பண்பாட்டுக்குள் இருந்து வந்ததுதான், இட்லிப் புதிரும் அப்படித்தான். முதலாவது வெளியாளுக்குக் கதவை மூடியது. இரண்டாவது, ஆவி மேலே போகும் என்ற பொது அறிவை வைத்துக் கதவைத் திறந்தே வைத்தது.

நீங்களே ஒரு கேம் செய்ய வேண்டுமா?

கம்ப்யூட்டர் பின்னால் வரட்டும். முதலில் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

1. வினைச்சொற்களை எழுதுங்கள். நட, எடு, கொடு, பேசு என்று நான்கைந்து போதும். ஒவ்வொரு சொல்லும் பல இடங்களில் பயன்பட வேண்டும்.

2. முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். புதையலை எடுக்கப் படகு வேண்டும், படகுக்குத் துடுப்பு வேண்டும், துடுப்பு யாரிடம் இருக்கிறது? கில்பர்ட்டும் புதிர்களை இப்படித்தான் சங்கிலி வரைபடமாகப் போடுவார்.

3. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதை அவர் தின்றுவிட்டால், தொலைத்துவிட்டால், எடுக்காமலே போய்விட்டால் என்ன ஆகும்?' பதில் 'மாட்டிக்கொள்வார்' என்றால், அந்தப் பொருள் மறுபடி கிடைக்க வழி செய்யுங்கள். அல்லது தின்ன விடாதீர்கள்.

4. புதிய விதியை முதலில் ஆபத்தில்லாத இடத்தில் காட்டுங்கள். அப்புறம் ஆபத்தான இடத்தில் சோதியுங்கள்.

5. நண்பர் ஒருவரை விளையாட வைத்து, பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. எங்கே 'அங்க இல்ல, இங்க பாரு' என்று சொல்ல உங்கள் நாக்கு துடிக்கிறதோ, அங்கே உங்கள் விதி சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம்.

பேப்பரில் சரியாக வந்த பிறகு, கதை மட்டும் உள்ள கேமுக்கு 'ட்வைன்', படத்தோடு செய்ய 'கோடோ' போன்ற இலவச மென்பொருட்கள் இருக்கின்றன.

அப்போ, தவறு யாருடையது?

நண்பர் தோற்றதும் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். 'சே, நான்தான் கவனிக்கல, இன்னொரு தடவை ஆடுறேன்' என்றால் விதி சரியாக இருக்கிறது. தவறு அவருடையது, அதை அவரே ஒப்புக்கொள்கிறார், திருத்தவும் அவரால் முடியும்.

'எனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டால், அவரோடு வாதம் செய்ய வேண்டாம். நோட்டைத் திறந்து அந்த விதியை மாற்றி எழுதுங்கள்.